கல் தின்ற மருந்து

ஆற்று மீனும் குளத்து மீனும் தண்ணீர் குடிப்பதில்லை. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. "அப்புறம் எதுக்கு வாயத் தொறந்து தொறந்து மூடுதாம்?" என்று கேட்பார்கள். அது மூச்சு. வாயால் வாங்கிச் செவுளால் விட்டுவிடும். வயிற்றுக்குள் போவது மிகக் கொஞ்சம். ஆகவே தொட்டித் தண்ணீரில் எதைக் கொட்டினாலும் மீன் அதைக் குடித்துக் குணமாகிவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மருந்து என்றால் அது போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வழி தெரியாமல் கொடுப்பது மருந்து கொடுப்பதே இல்லை.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஈப்போவில் ஓர் அரசாங்கக் கிளினிக்கின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். மாத்திரையைப் பையில் போட்டு, மேலே எழுதி, ஆளைப் பார்த்து மூன்று மொழியில் ஏதாவது ஒன்றில் சொல்லிக் கொடுப்பேன். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், இதைப் பாலோடு குடிக்கக் கூடாது, இதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. சொன்னதை அவர்களையும் திருப்பிச் சொல்லச் சொல்வேன். சொல்லத் தெரியாவிட்டால் பை கைக்குப் போகாது. என் ஜன்னலில் வரிசை மெதுவாகத்தான் நகரும். முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

நான் ஓய்வு பெற்ற நான்காவது வருடம் என் தம்பி என் வீட்டுக்குத் தங்க வந்தான். காலில் ஒரு புண்ணோடும் கூடவே ஒரு மீனோடும் வந்தான்.

அவனுக்கு அறுபது வயது. செமோரில் வீடு. இருபத்தைந்து வருடம் சுண்ணாம்பு மலையை உடைக்கும் குவாரியில் லாரி ஓட்டினான். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பத்து வருடமாகிறது. மாத்திரை என்றாலே முகத்தைச் சுளிப்பான். புதுச் சப்பாத்து கடித்து வலது கால் சுண்டுவிரலில் கொப்புளம் வந்தது, கொப்புளம் புண்ணாயிற்று, புண் ஒரு மாதமாக ஆறவில்லை. அவன் மனைவி மகளின் பிரசவத்துக்காகத் தஞ்சோங் மாலிமுக்குப் போயிருந்தாள். மருமகன் அங்கே கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தினமும் கட்டு மாற்ற ஈப்போவுக்கு வர வேண்டும், காலை ஊன்றவும் கூடாது. அதனால் என் வீட்டுக்கு வா என்று நான்தான் உத்தரவு போட்டேன். என் பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். மூன்று அறை வீட்டில் நான் ஒருத்திதான்.

டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. ஆறினால் நல்லது, ஆறாவிட்டால் விரல் போகும், அதற்குப் பிறகும் அசட்டையாக இருந்தால் பாதம் போகும் என்று சொல்லிவிட்டார். எங்கள் சொந்தத்தில் இரண்டு பேர் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல்தான் கல்லறைக்குப் போனார்கள். ஒருவர் எங்கள் அப்பா. தம்பிக்கு அது வரக் கூடாது. அந்த ஒரே எண்ணத்தோடுதான் நான் அவனுக்கு அறையை ஒழித்துக் கொடுத்தேன்.

"மீன யாரு பாப்பா?" என்றான் தொலைபேசியில்.

"பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வா."

"அது என் கையிலதான் சாப்பிடும். அது வந்தா நான் வாரேன். இல்லன்னா நான் இங்கயே கெடக்கேன்லா."

அது ஒரு லொஹான். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு, உடம்பெல்லாம் சிவப்பு, பக்கவாட்டில் கறுப்புப் புள்ளிகள். ஒரு காலத்தில் ஈப்போவில் இந்த மீன் இல்லாத கோப்பிக் கடையே கிடையாது. பைத்தியம் தெளிந்த பிறகு எல்லோரும் விற்றுத் தொலைத்துவிட்டார்கள். என் தம்பிக்கு மட்டும் தெளியவில்லை. இந்த மீனைத் துணைக்கு இன்னொன்றோடு விட்டால் கடித்தே கொன்றுவிடும். தனியாகத்தான் இருக்கும், கோபத்தோடு இருக்கும், கண்ணாடிக்கு வெளியே யார் நடந்தாலும் முட்ட வரும். எங்கள் குடும்பத்தில் சேரத் தகுதியான மீன்தான்.

நான்கு அடித் தொட்டி, ஃபில்டர், ஒரு பீப்பாய் நிறைய பழைய தண்ணீர், அதற்குள் மீன், ஒரு சாக்கு நிறைய கற்கள். எல்லாம் ஒரு சின்ன லாரியில் வந்து இறங்கின. கற்கள் அவன் குவாரியிலிருந்து பொறுக்கி வைத்தவை. வெள்ளையும் சாம்பலுமாக, ஓட்டையும் உடைசலுமாக, சின்னச் சின்ன மலைகள். ஈப்போக்காரர்களுக்கு மலையைத் தொட்டிக்குள்ளும் கொண்டுபோய் வைத்தால்தான் திருப்தி. தம்பி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி இதை இப்படி வை, அதை அப்படிச் சாய் என்று என்னை ஏவினான். ஏழு கற்களையும் நான்தான் அடுக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு வாரத்தில் மீனின் உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. ஊர் மாறிய அதிர்ச்சியில் வரும் நோய் அது. மீன் கல்லில் போய் உடம்பை உரசிக்கொண்டே இருந்தது. தம்பி சோற்றைத் தள்ளிவைத்துவிட்டான். நான் வாடகைக் காரைப் பிடித்து மீன் கடைக்குப் போனேன். என் கார் அன்று பட்டறையில் கிடந்தது.

கடை முதலாளி, தவுக்கே என்போம், ஒரு சீனர். கண்ணைக்கூட நிமிர்த்தாமல் ஒரு பச்சை மருந்துப் புட்டியை எடுத்து வைத்தார். "தாரு டாலாம் ஆயேர், ஹாபிஸ் செரித்தா" என்றார். தண்ணீரில் போடு, அவ்வளவுதான் கதை. எத்தனை சொட்டு, எத்தனை நாள், எதைக் கொல்லும் என்று நான் அடுக்கடுக்காகக் கேட்டதும்தான் மனிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என்னை வேறு கடைக்கு அனுப்பியிருக்கலாமே என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து படித்தேன். படித்துவிட்டுத்தான் தொட்டேன். அந்தப் புள்ளிக்குள் இருப்பது ஒரு பூச்சி. தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதை ஒன்றும் செய்யாது. அது முற்றி விழுந்து, குட்டி போட்டு, குட்டிகள் தண்ணீரில் நீந்தி வேறு தோலைத் தேடும்போதுதான் மருந்திடம் சிக்கும். ஆகவே புள்ளி மறைந்த பிறகும் மருந்தை நிறுத்தக் கூடாது. ஃபில்டரில் இருந்த கரியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரி மருந்தை உறிஞ்சிவிடும். தொட்டியின் நீள அகல உயரத்தை அளந்து, கற்களின் இடத்தைக் கழித்து, லிட்டர் கணக்குப் போட்டேன். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சூடு, மருந்து ஒருநாள் விட்டு ஒருநாள். பத்தாம் நாள் மீன் பளபளவென்று இருந்தது.

அன்று நான் கொஞ்சம் ஆடிவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். தம்பியைக் கூப்பிட்டு வகுப்பு எடுத்தேன். மருந்து மீனைக் குணப்படுத்தவில்லை, தண்ணீரைத்தான் குணப்படுத்தியது, புரிகிறதா என்றேன். எதிரி தண்ணீரில் இருந்தான், மருந்தும் தண்ணீரில் இருந்தது, அதனால் சந்தித்துக்கொண்டார்கள். அவன் தலையை ஆட்டினான். பெரிய மேதைதான் நீ, கோப்பி போடு என்றான். அவனுக்கு நான் சீனி போடாத கறுப்புக் கோப்பிதான் கொடுப்பேன். அதைக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அதே வாரம் அவன் விரல் கறுத்தது. புண்ணிலிருந்து வாடை வந்தது. டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரிய மாத்திரை, பயங்கரக் கசப்பு, காலை ஒன்று மாலை ஒன்று, பதினான்கு நாள். கூடவே இன்னொன்றும் கொடுத்தார். மருந்து வாங்கப் போனவள் நான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நான் பழக்கிவிட்ட பெண். அவள் வாயைத் திறக்கும் முன்பே, "எனக்குத் தெரியும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே வாரம் மீனுக்கும் புண் வந்தது. கல்லில் உரசி உரசிப் பக்கத்தில் தோல் பிய்ந்திருந்தது. அது சிவந்து, ஓரம் வெளுத்து, ஐந்து காசு அளவுக்குக் குழிந்துவிட்டது. மறுபடி தவுக்கே. இந்த முறை மஞ்சள் பொடி கொடுத்தார். டெட்ராசைக்ளின். எனக்குப் பழைய பழக்கமான மருந்து. அதை எத்தனை ஆயிரம் பேருக்கு எண்ணிப் போட்டிருப்பேனோ தெரியாது. புண் மேல்தோலில் இருக்கிறது, மருந்து தண்ணீரில் இருக்கிறது, சந்தித்துக்கொள்ளும் என்று நான் கணக்குப் போட்டேன்.

ஆகவே என் வீட்டு முன்னறையில் இரண்டு நோயாளிகள். ஒருவன் நாற்காலியில், ஒருவன் தொட்டியில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் மாத்திரை அட்டையைத் தினமும் எடுத்துப் பார்ப்பேன். சரியாகக் குறைந்துகொண்டு வந்தது. காலை மாத்திரையை அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலோடு தெரு முனையில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போவான். ஒரு நாளைக்கு அந்த ஐம்பது அடி மட்டும் நான் அனுமதித்திருந்தேன். மாலை மாத்திரையும் அங்கேயேதான். மனிதர்களைப் பார்க்காமல் இருந்தால் அவன் பைத்தியமாகிவிடுவான். மாத்திரை போய்க்கொண்டிருந்தது, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்று நாள் போயிற்று. ஐந்து நாள் போயிற்று. மஞ்சள் பொடியை மூன்று முறை போட்டாயிற்று. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்து, மேலே நுரை கட்டிக்கொண்டது. மீனின் புண் பெரிதாயிற்று. கட்டு மாற்றும் நர்ஸ் தம்பியின் விரலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. மருந்து கம்பெனியின் மேல், தவுக்கேயின் மேல், இனிப்பு நீர் என்ற வியாதியின் மேல். என் மேல் மட்டும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றிருந்தேன். பாட்டுக் குழுவில் பாடும் ஒரு பெண் ஓடி வந்து கைப்பையிலிருந்து ஒரு பையை எடுத்தாள்.

"அக்கா, இவருக்கு முதுகுல கட்டி. இந்த மருந்து கொடுத்திருக்காங்க. எப்படிக் கொடுக்கணும்? கிளினிக்ல அந்தப் பொண்ணு வேகமா சொல்லிட்டா."

வாங்கிப் பார்த்தேன். மீனுக்குப் போட்ட மஞ்சள் பொடியின் அதே குடும்பத்து மருந்து. யோசிக்கவே வேண்டியதில்லை, வாய் தானாகச் சொல்லிற்று.

"பாலோட கொடுக்காத. தயிரு, மைலோ எதுவும் கூடாது. பால்ல இருக்க கால்சியம் மருந்தப் புடிச்சு வச்சுக்கும், ஒடம்புல சேர விடாது. வெறும் தண்ணி. எங்க, திருப்பிச் சொல்லு."

அவள் திருப்பிச் சொன்னாள். நான் நல்லது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். இரண்டாவது சிவப்பு விளக்கில் நிற்கும்போது எதிரே மலை. ஈப்போவில் எந்த விளக்கில் நின்றாலும் எதிரே மலைதான். வெள்ளையும் சாம்பலுமாக, ஓட்டையும் உடைசலுமாக. தினமும் பார்க்கிற மலை. அது முழுக்க முழுக்கக் கால்சியம் என்று பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்பார்கள்.

பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பூசைக்குக் கட்டிய சேலையோடு தொட்டிக்குள் கையை விட்டேன். மீன் என் மணிக்கட்டில் கடித்தது. விடவில்லை. ஏழு கற்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டேன். ஒரு கல்லின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். புஸ்ஸென்று நுரைத்தது. வாரக்கணக்கில் இந்தத் தண்ணீருக்குள் ஊறிக் கரைந்துகொண்டிருந்த கல். அந்தத் தண்ணீரில் நான் மூன்று முறை மருந்தைக் கொட்டியிருக்கிறேன். மருந்து மீனிடம் போய்ச் சேரும் முன்பே தண்ணீர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. டீ நிறமும் நுரையும் வீணாய்ப் போன மருந்துதான். முப்பத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் சொன்னதை என் வீட்டுத் தொட்டியிடம் சொல்ல மறந்திருக்கிறேன்.

தம்பி நாற்காலியிலிருந்து கத்தினான். "என் கல்ல ஏன்க்கா எடுக்குற? இருவது வருஷமா சேத்த கல்லு!"

"ஒன் கல்லுதான் மருந்தத் தின்னுச்சு."

"கல்லு எங்கயாவது மருந்து திங்குமா?"

"திங்கும். பால்ல மாத்திரையப் போட்டா பாலு தின்னுடும்ல, அதே மாதிரி. ஒன் வெள்ள மாத்திரையும் அந்த ரகந்தான். பால் பட்டா பாதி மருந்துகூட ஒடம்புக்குப் போவாது."

அவன் கை சட்டைப்பையைத் தொட்டுவிட்டு இறங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"மாத்திரைய எப்படிக் குடிக்கிற?"

"குடிக்கிறேன்லா. அட்டையப் பாக்குறல்ல?"

"எதோட?"

"கோப்பிதான்."

"கறுப்புக் கோப்பியா?"

அவன் தொட்டியைப் பார்த்தான். "கசக்குதுக்கா. என்னால முழுங்க முடியாது. ஒனக்குத் தெரியும். நசுக்கிப் போட்டுக் கலக்கிக் குடிச்சுருவேன். பால் டின்னு கோப்பியில. கொஞ்சம் தூக்கலாப் பால ஊத்தச் சொன்னாக் கசப்பு தெரியாது."

நான் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது மட்டும் நினைவிருக்கிறது. அறுபது வயசுக் கழுதைக்கு இன்னும் அந்தச் சீனிப் பால் டின் கேட்கிறதா, இனிப்பு நீர் வேறு, கால் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். ஊன்றுகோலைப் பிடுங்கி மூலையில் எறிந்தேன். பிறகு அதே வேகத்தில் தெரு முனைக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தமிழ் முஸ்லிம். எனக்கு இளையவர். என்னைக் கண்டாலே டீக் குவளையைத் துடைக்கத் தொடங்குபவர். "தம்பிக்குப் பால் ஊத்துனது நீங்கதானே?" என்றேன்.

"ஆமாக்கா. அண்ணே கேட்டாரு. மருந்து கசக்குதுன்னாரு. நசுக்குறதுக்கு நான்தான் ரெண்டு கரண்டி குடுப்பேன்." அவர் முகத்தில் உண்மையாகவே கலவரம். "தப்பாக்கா? நல்லதுன்னுதான் செஞ்சேன். மருந்து குடிக்கிற மனுசனப் பாத்தா சந்தோசமா இருந்துச்சு."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இனிமேல் வெறும் தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் தம்பி அப்படியே உட்கார்ந்திருந்தான். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. "எந்த மடையன் ஒனக்கு இதச் சொல்லிக் கொடுத்தான்?" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கிண்டல் இல்லை. என்னைக் குத்த வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. "நீதான்க்கா" என்றான்.

உடனே நினைவு வந்தது. வராமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் பிறந்தது செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். இன்று அந்த இடத்தில் செம்பனையும் ஒரு வீடமைப்புப் பகுதியும்தான். காய்ச்சல் பரவும் மாதங்களில் தோட்ட ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கசப்பு மாத்திரை கொடுப்பார்கள். மருந்து கொடுப்பவரை டிரசர் என்போம். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். என் தம்பிக்கு ஐந்து வயது. அவனால் விழுங்க முடியாது. கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு நிற்பான், டிரசர் கண்டுபிடிப்பார், எல்லோர் முன்னாலும் அடி விழும். இரண்டு முறை அப்படி அடி வாங்கினான். இரண்டாவது முறை அவன் கால்சட்டை நனைந்துவிட்டது. மூன்றாவது முறை ஒன்பது வயது அக்காவாகிய நான் முன்னால் போய், இவனுக்கு நான் வீட்டில் கொடுத்துவிடுகிறேன் என்று மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டேன். வீட்டில் அம்மிக்கல்லில் நசுக்கி, பால் டின்னின் அடியில் வழித்தெடுத்து, கோப்பியில் கலக்கிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரித்தான். நான் கொடுத்த முதல் மருந்து அதுதான். என் வேலையே அங்கிருந்துதான் தொடங்கியது என்று பிற்பாடு பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த மாத்திரைக்குப் பால் ஒன்றும் செய்திருக்காது. இந்த மாத்திரைக்குச் செய்யும். ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது குற்றமில்லை. அறுபத்து நான்கு வயதில் கேட்காமல் விட்டது குற்றம். அன்று மத்தியானம் சமையல்கட்டில் அந்த ஏழு கற்களின் பக்கத்தில் நின்று நான் அழுதேன். அவன் காதில் விழக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் கூட்டிப்போனேன். தேதிக்குக் காத்திருக்கவில்லை. டாக்டர் இளம் பெண். மலாய்க்காரி. மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று தம்பியைப் பார்த்துக் கேட்டாள். அவன் போகிறது என்று சொல்ல வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன். ஒன்பது நாளும் பாலில் கலந்து குடித்திருக்கிறான், அவனுக்கு அப்படிக் குடிக்கக் கற்றுக்கொடுத்தது நான், முப்பத்திரண்டு வருடம் உங்கள் பக்கத்துக் கட்டடத்தில் மருந்து கொடுத்தவளும் நான்தான் என்று சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் இந்த மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து வேறு மருந்துக்கு ஓடியிருப்பார்கள்.

அவள் படம் எடுத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் எலும்புக்குள் நோய் போய்விட்டது. விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும், பாதத்தைக் காப்பாற்றலாம், ஊசி மருந்தோடு தொடங்கி மறுபடி மாத்திரைக்கு வரலாம் என்றாள். பாலால்தான் விரல் போகிறதா என்று கேட்டேன். சர்க்கரை இருக்கிறது, இரத்த ஓட்டக் குறைவு இருக்கிறது, முன்பே ஒரு மாதம் வீணாகியிருக்கிறது, இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆன்ட்டி என்றாள். நல்ல பெண். ஆனால் நான் அந்த ஒன்பது நாளை எடுத்துத் தூரப் போட்டுவிடவில்லை, போடப்போவதும் இல்லை.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மீன் என் பொறுப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். ஈப்போ குழாய்த் தண்ணீர் மலையிலிருந்து வருவது போலத் தோன்றினாலும் ஆற்றுத் தண்ணீர்தான், மென்மையானது. பிடித்துவைத்து, குளோரின் போன பிறகு ஊற்றினேன். கல் இல்லாத தொட்டியில் மஞ்சள் பொடியை மறுபடி போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை. புண் தசை வரைக்கும் இறங்கிவிட்டது. அத்தனை ஆழத்துக்குத் தண்ணீர் வழியாக மருந்து போய்ச் சேரும் என்று என்னால் நம்ப முடியவில்லை. தவுக்கேயிடம் போய்த் தீனியில் கலக்கும் மருந்து வேண்டும் என்றேன். அவர் இப்போது என்னைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். "மீன் சாப்பிடுதா?" என்று மலாயில் கேட்டார். சாப்பிட்டால்தான் பிழைக்கும், சாப்பிடாத மீனுக்கு இதனால் பயனில்லை என்றார். அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கேட்பவர்களுக்கு மட்டும்தான் சொல்வார் போலிருக்கிறது.

இறாலை உரித்துப் பொடியாக நறுக்கி, மருந்தைப் பிசைந்து, அது தண்ணீரில் கரைந்து போகாதபடி முட்டை வெள்ளைக்கருவைத் தடவி உருட்டினேன். அவன் கையில்தான் சாப்பிடும் என்றானே, அந்தப் பயம் ஒன்று இருந்தது. உருண்டையை விரல் நுனியில் பிடித்துத் தண்ணீருக்கு மேலே நீட்டினேன். மீன் பார்த்தது, சுற்றி வந்தது, பிறகு எகிறி, உருண்டையோடு என் விரலையும் சேர்த்துக் கடித்தது. எனக்கு வலித்தது, சிரிப்பும் வந்தது. பத்து நாளில் புண்ணில் புதுத் தோல் ஏறிவிட்டது. இப்போது அந்த இடத்தில் செதில் இல்லாமல் ஒரு வெளிறிய தழும்பு இருக்கிறது.

ஆகவே யாராவது என்னிடம், தண்ணீரில் போடும் மருந்து வேலை செய்யுமா என்று கேட்டால், நான் ஆமாம் இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்வதில்லை. நோய் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். தோலுக்கு வெளியே இருந்தால் செய்யும். உள்ளே போய்விட்டால் வாய் வழியாகக் கொடு. அடுத்தது, அந்தத் தண்ணீரில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். முன்பெல்லாம் இரண்டாவது கேள்வியை நான் கேட்டதில்லை.

விரலை எடுத்து நான்காம் நாள் அவனுக்கு மாத்திரை தொடங்கினார்கள். நான் வீட்டிலிருந்து ஒரு சீப்பு பீசாங் மாஸ் கொண்டுபோயிருந்தேன், விரல் அளவு வாழைப்பழம். நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, ஒரு பழத்தின் நுனியை உடைத்து, உள்ளே மாத்திரையைச் சொருகிக் கொடுத்தேன். மெல்லாதே, அப்படியே விழுங்கு, பின்னால் தண்ணீரைக் குடி என்றேன். முதல் முறை துப்பிவிட்டான். இரண்டாவது முறை கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் திட்டவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் அவனுக்காக வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கியது. அரை குவளைத் தண்ணீரைக் குடித்தான்.

போயிற்றா என்று நான் கேட்கவில்லை. அவனாகவே என் பக்கம் திரும்பினான். அறுபது வயது ஆள், கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டினான்.

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு கன்னத்தையும் பார்த்தேன். வாய் காலியாக இருந்தது.